முப்பது வினாடி

படத்தில் ஆள் இருக்கக் கூடாது
என்று ஒப்பந்தத்தில் இருந்தது, தடித்த எழுத்தில்.
புதன்கிழமை காலை ஏழரைக்குப்
பின்வாசலால் உள்ளே விட்டார்கள்.
முக்காலியின் மூன்று கால்களுக்கும்
பழைய காலுறை மாட்டிக்கொண்டு போனேன்.
தரை டெராஸோ.
கீறினால் என் கணக்கில் கழியும்.

நடுவில் ஒன்றுமில்லை.
நான்கு மாடி உயரத்துக்கு ஒன்றுமில்லை.
அதைச் சுற்றித்தான் சரிவுப்பாதை ஏறுகிறது,
அதைத் தாங்கத்தான் இத்தனை கான்கிரீட்.
உச்சியில் கண்ணாடிக் கூரை.
இரவு பெய்த மழை இன்னும் அங்கே தேங்கி,
ஓரத்தில் மைனா எச்சம்.

ஜாலான் துன் ரசாக்கில் லாரிகள் முக்கி ஏறுவதும் வெளி.
இங்கே என் தும்மல்
இரண்டு சுற்று சுற்றி என்னிடமே வருவதும் வெளி.
தமிழில் இது எளிது.
அதிகாரி புவான் நோரைனிக்கு விளக்கப் பார்த்தேன்.
ருவாங், என்றார்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கேமரா தலை நிமிரக் கூடாது.
நிமிர்ந்தால் தூண்கள் பின்னால் சாய்ந்து
குடித்தவர்கள் போல ஒன்றையொன்று பிடிக்கும்.
லென்ஸை மட்டும் மேலே தள்ளினேன், பதினோரு மில்லிமீட்டர்.
மட்டக் குமிழி நடுவுக்கு வந்து
நின்றது.

அப்போதுதான் பள்ளிப் பேருந்து.
வருகையை ரத்துசெய்ய யாரோ மறந்திருக்கிறார்கள்.
நாற்பது பிள்ளைகள், கருநீலமும் வெள்ளையுமாக.
சரிவைக் கண்டதும்
எந்தப் பிள்ளையும் செய்வதைச் செய்தார்கள்.
ஒரு தண்ணீர்ப்புட்டி தனியே உருண்டு
ஒவ்வொரு வளைவாக இறங்கி வந்தது.

லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடியைத் திருகினேன்.
முப்பது வினாடி திறந்து வைத்தேன்.
எவரும் படத்தில் விழவில்லை.
இரண்டாம் மாடியில் மட்டும் லேசாக ஒரு நீலம்,
துடைத்தால் போய்விடும் போல.
ஷஹீனுர் மாப்பைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்,
திரும்பினார், மறுபடி போனார்.
அவர் இல்லை.
அவர் போட்ட ஈரம் இருந்தது,
தரை முழுக்க வளைந்து வளைந்து,
கூரையைக் காட்டிக்கொண்டு.

பாக்கியவதி இருந்தார்.
முதல் வளைவில், பிளாஸ்டிக் நாற்காலியில்,
சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.
அசையாமல் இருப்பதுதான் ஜாகா வேலை.
அதற்குத்தான் சம்பளம்.

நான் எந்திரிச்சுப் போகட்டா தங்கச்சி?
போனா மேல கேமரால பாத்துக் கேப்பாங்க,
என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.
கொஞ்சம் யோசித்து:
ஆடுனா விழ மாட்டேன்ல?

முதலில் தோளை மட்டும்.
பிறகு எழுந்து, நாற்காலியைச் சுற்றி,
வாக்கிடாக்கி இடுப்பில் குதிக்க,
கை இரண்டும் தலைக்கு மேலே,
நான் உரக்க எண்ண எண்ண
பதினேழில் சிரிப்பு வந்து,
இருபத்து மூன்றில் மூச்சு வாங்கி.
முப்பது என்றதும் பொத்தென்று உட்கார்ந்தார்.
மேலே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

படத்தில் நாற்காலி மட்டும்.
அதற்குப் பணம் வந்தது,
நாற்காலியையும் அழித்துவிடச் சொல்லி.
அழித்தபின் பார்த்தேன்.
நான்கு மாடியா, கழுவிவைத்த வாளியின் உட்புறமா,
அளவு சொல்ல எதுவுமில்லை.

கீழ்த்தளச் சுவரில் இதே கட்டடத்தின் முதல் வரைபடம்
சட்டமிட்டுத் தொங்குகிறது.
சரிவெங்கும் குட்டிக் குட்டி மனிதர்கள்,
முகம் இல்லை,
ஒருவர் கையில் குடை (உள்ளே எதற்குக் குடை?),
ஒருத்திக்குப் பின்னால் குழந்தை.
அவர்களை அழிக்கச் சொல்லி
யாரும் எழுதவில்லை.

முதல் படத்தை, அவர் இருப்பதை,
அங்கேயே அவர் போனுக்கு அனுப்பினேன்.
இரண்டு விரலால் விரித்தார்.
தன் முகத்தில் நிற்கவில்லை, தாண்டினார்,
மேலே, இன்னும் மேலே தள்ளிக்கொண்டே போனார்.

மூணாம் மாடில ஒரு லைட்டு எரியல பாருங்க.
என் நாக்காலிலேர்ந்து அது தெரியாது.

எத்தன நாளாவோ, என்று
வாக்கிடாக்கியை எடுத்தார்.